குன்னூர் மலைப்பாதையில் சொகுசுக் காரும் சின்னக் காரும்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன், வீட்ல இருந்தே வேலை. ஒரு கார் எடுக்கணும். எட்டு வருஷம் ஓடின ஜெர்மன் வண்டி ஒன்னு 16 லட்சத்துக்கு வருது, புதுசா எடுத்தா 70 லட்சம். எடுத்துடட்டுமா?" என்றான். ஆமாம், இல்லை என்று போனில் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. குன்னூர் பக்கம் வண்டிச்சோலையில் இருபது வருடமாகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், என்னிடம் இருப்பது 2011 வேகன்ஆர். என் மச்சான் கோத்தகிரியில் அவன் கேட்ட மாதிரி வண்டியையே வாங்கி நான்கு வருடம் வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், மலையில் கார் எடுக்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் புது வண்டிக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். எக்ஸ்‌ஷோரூம் விலை 70 லட்சம் என்று போட்டிருந்தால் அதில் 20 லட்சம் ஜிஎஸ்டி, வண்டியின் விலை 50 லட்சம்தான். அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதைத் தாண்டினால் 20 சதவீதம். ஆக 70 லட்சம் ரூபாய் காருக்கு 14 லட்சம். அந்தப் பணத்தில் இரண்டு சின்னக் கார்களை ஆன்ரோடு விலைக்கே எடுத்துவிடலாம். 5 லட்சம் ரூபாய் காருக்கு இந்த வரி 60 ஆயிரம்.

அடுத்தது தேய்மானம். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைக் குறைக்க ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள், முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் என்று தொடங்கி ஐந்து வருடம் முடியும்போது 50 சதவீதம். இரண்டு காருக்கும் அதே விகிதம்தான், ஆனால் சதவீதமாகப் பார்க்காமல் ரூபாயாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 70 லட்சத்தில் பாதி 35 லட்சம், ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 1,900 ரூபாய்க்கு மேல் வருகிறது. வண்டியை எடுத்தாலும் எடுக்காமல் ஷெட்டில் நிறுத்தியிருந்தாலும் அந்தப் பணம் போய்க்கொண்டேயிருக்கும். 5 லட்சம் ரூபாய் காரில் அதே கணக்கு நாளுக்கு 137 ரூபாய். உண்மையான சந்தையில் வித்தியாசம் இன்னும் கூடத்தான் இருக்கும், ஏனென்றால் நம் ஊரில் பழைய ஆல்டோவைக் கேட்டு வருபவர் எப்போதும் இருக்கிறார், பழைய சொகுசுக் காரை வாங்க ஆள் தேட வேண்டும்.

சரி, 70 லட்சம் கொடுத்துப் புதிதாக எடுப்பவர் இதெல்லாம் தெரிந்துதான் எடுக்கிறார், அது அவர் பணம், அவர் விருப்பம். நான் பயப்படுவது என் தம்பி போன்றவர்களை நினைத்து. 70 லட்சம் வண்டி 16 லட்சத்துக்கு வருகிறதே, அதே விலைக்குப் புது ஹூண்டாய் எடுப்பதற்கு இது எவ்வளவு மேல் என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது. வண்டியின் விலைதான் 16 லட்சமாக இறங்கியிருக்கிறது, அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. பழைய வண்டிக்குப் போடும் ஹெட்லைட்டும் இன்றைய விலைதான், கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலும் இன்றைய விலைதான். அதுவும் எந்த வயதில் நம் கைக்கு வருகிறது? ரப்பர் புஷ்களும் வாட்டர் பம்பும் சென்சார்களும் ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பிக்கும் வயதில். முதல் முதலாளி அதன் நல்ல வருடங்களை ஓட்டி முடித்துவிட்டு நம்மிடம் கொடுக்கிறார்.

என் மச்சான் வாங்கியது அப்படி ஒரு வண்டிதான். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. வாங்கி ஒரு வருடம் எந்தக் குறையும் இல்லை, அதில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனம் வராது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில், ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டியின் முன்பக்கம் இடதுபுறம் மட்டும் தரையைத் தொடுகிற மாதிரி அமர்ந்திருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த அமைப்பு, அந்தப் பையில் ஒரு சின்ன விரிசல். ஸ்பிரிங் உடைந்த வண்டியைக்கூட மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம், இதை ஓட்ட முடியாது. கோத்தகிரியில் அதைத் தொட ஆள் இல்லை, குன்னூரிலும் இல்லை, ஊட்டியிலும் இல்லை. கோயம்புத்தூரில் இருந்து தட்டையான லாரி ஒன்று வர வேண்டும், அது குஞ்சப்பனை வழியாக ஏறி வரவே ஒரு நாள் தாமதம், வழியில் மண் சரிந்திருந்தது. வண்டி கீழே போய்ச் சேர்ந்து, சாமான் வெளியூரில் இருந்து வந்து, வேலை முடிந்து மேலே வர பத்தொன்பது நாள். செலவு ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. அந்தப் பத்தொன்பது நாளும் அக்கா பஸ்ஸில்தான் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய் வந்தார்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தம்பி கேட்டான். தானாகத் தேய்ந்து போவதற்கு இன்சூரன்ஸ் கிடையாது, விபத்துக்குத்தான். விபத்திலும் பழைய வண்டிக்கு முழுப் பணம் வராது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழித்துவிடுவார்கள், ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம். இந்தக் கழிவே வேண்டாம் என்று கூடுதல் பணம் கட்டி எடுக்கும் பாலிசியை வண்டிக்கு வயதானபின் பெரும்பாலும் தர மாட்டார்கள். பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக். என் வண்டியின் பம்பரில் பாதி என்றால் சில ஆயிரம், அவர் வண்டியில் பாதி என்றால் அது ஒரு மாதச் சம்பளம்.

என் தம்பிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவன் பார்த்தது கர்நாடகப் பதிவு வண்டி. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியைப் புதிதாகக் கட்டி, அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் வயதைப் பார்த்து விகிதம் குறையும் என்றாலும் 70 லட்சம் ரூபாய் வண்டியில் அது சின்னத் தொகையாக இருக்காது. மறுபதிவு செய்யாமல் கேஏ எண்ணோடு ஓட்டினால் கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க முடியாது. 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்த இறக்கத்தில் விபத்துகள் அதிகமானதால் டிஎன் 43 எண் கொண்ட நீலகிரிப் பதிவு வண்டிகளை மட்டும்தான் இறங்க விடுகிறார்கள்.

இனி நம்பகம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கார் ரிப்பேரே ஆகாது என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. என் வேகன்ஆரில் கிளட்ச் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், ரேடியேட்டர் ஒரு முறை, பின்பக்க ஷாக்அப்சார்பர் ஒரு முறை. ஆனால் இதில் எதுவும் இரண்டு நாளைத் தாண்டியதில்லை. குன்னூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய், காலையில் போன் செய்தால் "தம்பி, பத்து மணிக்குக் கொண்டாங்க, சாமான் கடையில இருக்கு" என்பார். நம்பகம் என்பது வண்டிக்குள் மட்டும் இருக்கிற குணமில்லை. அந்த வண்டியைத் தெரிந்த கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது, எத்தனை மணி நேரத்தில் மறுபடி ரோட்டுக்கு வரும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

இது ஒரே நாளில் வந்ததுமில்லை. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி கொடுக்கப்பட்டபோது, அதில் இருந்தது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். அடுத்த வருடம் வந்த ஓம்னி வேனுக்கும் அதே அளவு இன்ஜின்தான், 2000-இல் வந்த ஆல்டோவிலும் அந்தக் குடும்பம்தான் தொடர்ந்தது. 800 நின்றது 2014-இல், ஓம்னி நின்றது 2019-இல். அதாவது முப்பது வருடத்துக்கும் மேலாக ஏறக்குறைய ஒரே இன்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டு ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் வளர்ந்திருக்கிறார்கள். பாயிடம் வேலை கற்றவர்கள் கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் கூடலூரிலும் பட்டறை போட்டிருக்கிறார்கள். மறுபக்கம் பி.எம்.டபிள்யூ. 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே கார்களைப் பூட்டி அனுப்புகிறது, நம் மாநிலத்தில் உருவாகும் கார்தான், ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் அதற்குரிய கம்ப்யூட்டரும் பெரிய நகரத்தில்தான் இருக்கிறார்கள். சமவெளியில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. குன்னூரில் இருப்பவருக்குக் கோயம்புத்தூர் என்றால் போக 70 கிலோமீட்டர், வர 70, சீசனில் அதற்கு ஒரு முழு நாள்.

மலை என்ன செய்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் சொகுசுக் காருக்குச் சாதகமானதும் உண்டு, பாதகமானதும் உண்டு.

சாதகம் காற்று விஷயத்தில். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் மூச்சில் உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் அந்த அளவு குறைந்தால் சக்தியும் அந்த அளவு குறையும். டர்போ இல்லாத சாதாரணச் சின்னக் கார், சென்னையில் 67 குதிரைத்திறன் கொடுத்தால் ஊட்டியில் 54 அளவுக்குத்தான் கொடுக்கும். நான்கு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு கேத்திப் பக்கம் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏசியோடு போனால் வண்டி திணறுவது எல்லோருக்கும் தெரியும். டர்போ வைத்த இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். இப்போதைய சொகுசுக் கார்களில் பெரும்பாலும் டர்போதான், ஏற்றத்தில் அவை போகிற போக்கு தனி. ஆனால் இப்போது 10 லட்சத்துக்குள்ளேயே டர்போ பெட்ரோல் கார்கள் வந்துவிட்டன, அதனால் இதற்காக மட்டும் 70 லட்சம் கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது.

பாதகம் இறக்கத்தில். குன்னூர் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவு. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதையில் 1,500 மீட்டர் இறங்குகிறோம். அந்த உயரத்தில் வண்டியிடம் இருந்த ஆற்றல் எங்கேயாவது போக வேண்டும். 900 கிலோ சின்னக் காருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2,200 கிலோ எஸ்யூவிக்கு 9 யூனிட், வீட்டில் இருக்கும் 2,000 வாட் கீசரை நாலரை மணி நேரம் விடாமல் ஓட விடுகிற வெப்பம். கியரைச் சரியாகப் போட்டால் இதில் நிறைய இன்ஜினிலும் காற்றிலும் கழிந்துவிடும். கியரை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்தால் அவ்வளவும் நான்கு சக்கரத்தில் இறங்கும். பெரிய காருக்குப் பெரிய டிஸ்க் கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான், ஆனால் இந்தப் பாதையில் பர்லியார் பக்கம் நின்று பார்த்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தில் புகை வர, என்ன ஆயிற்று என்று தெரியாமல் குழம்பி நிற்கும் வண்டிகளில் பெரிய ஆட்டோமேட்டிக் கார்கள் நிறையவே இருக்கும். கியரை டி-யில், அதாவது சாதாரண ஓட்டத்துக்கான நிலையில், போட்டுவிட்டு பிரேக்கிலேயே இறங்கியிருப்பார்கள். வண்டி சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல் போவதால் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்பதே உள்ளே இருப்பவருக்கு உறைப்பதில்லை. சின்னக் காரில் இரண்டாம் கியரில் இன்ஜின் அலறும், அந்த அலறலே ஓட்டுகிறவருக்கு வேகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று எங்கள் ஊரில் வண்டி பழகுபவனுக்கு முதல் நாளே சொல்வார்கள். ஆட்டோமேட்டிக்கிலும் அதற்கு வழி இருக்கிறது, எல் (குறைந்த கியர்) என்றோ மேனுவல் என்றோ போட்டுக்கொள்ளலாம். அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 வகைப் புது ஆயில் கொதிக்க 230 டிகிரி வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ், மிதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால் எந்தக் கார் என்பதைவிட ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோமா என்பது முக்கியம். சின்னக் காரில் இந்த வேலை பாயிடம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, அதனால் தள்ளிப்போடாமல் செய்கிறோம். செலவு பெரிதாக இருந்தால் மனிதர் தள்ளிப்போடுவார், மச்சானும் தள்ளிப்போட்டார்.

அகலத்தைப் பற்றி. ஆல்டோவின் அகலம் 1,490 மில்லிமீட்டர், பெரிய ஜெர்மன் எஸ்யூவிக்குக் கண்ணாடியைச் சேர்க்காமலே இரண்டு மீட்டர் அளவு. மேட்டுப்பாளையம் ரோட்டில் இது தெரியாது. ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, போகும் ரோட்டிலும் எஸ்டேட் ரோட்டிலும் தெரியும். எதிரே இலை ஏற்றிய லாரியோ அரசுப் பஸ்ஸோ வந்தால், ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழி விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ரிவர்ஸில் மேலே ஏறித்தான் வழி விட வேண்டும், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் காட்டுக்கல் சுவர். கேமரா இருக்கிறதே என்பார்கள். பனிமூட்டத்தில் கேமராவின் மேல் நீர் படிந்து ஒன்றும் தெரியாது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். குன்னூர் மார்க்கெட் பக்கம் காலை பத்து மணிக்கு மேல் பெரிய வண்டிக்கு நிறுத்த இடம் கிடைக்காது, வேகன்ஆரை எங்கேயாவது சொருகிவிடலாம்.

வண்டியை நிறுத்தி வைப்பதிலும் எங்கள் ஊருக்கென்று தொல்லைகள் உண்டு. மழைக்காலத்தில் இரண்டு வாரம் எடுக்காமல் வைத்தால் லெதர் சீட்டில் பச்சையாகப் பூஞ்சை பிடித்துவிடும், துணி சீட்டிலும் வரும், ஆனால் அதைத் துவைத்துக் காய வைத்துவிடலாம். குரங்கு வைப்பர் ரப்பரைப் பிய்க்கும். எலி வயரைக் கடிக்கும், சின்னக் காரில் கடித்த இடத்தை எலெக்ட்ரீஷியன் ஒட்டிச் சுற்றிக் கொடுத்துவிடுவார், சொகுசுக் காரில் அந்த வயர்க்கட்டு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். காட்டெருமை ராத்திரியில் வந்து வண்டியில் உரசிவிட்டுப் போன வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அதை யாரும் குறை சொல்ல முடியாது, அதன் வழியில் நாம் வீடு கட்டியிருக்கிறோம், ஆனால் ஒரு கதவைத் தட்டி பெயின்ட் அடிக்க என்ன ஆகும் என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

டீசல் எடுப்பவர்களுக்கு ஒன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அது நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடும்போதுதான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் போதும். வீட்டிலிருந்து குன்னூர் பெட்ஃபோர்ட் பகுதி, அங்கிருந்து வீடு என்று நாலு கிலோமீட்டர் குளிரில் ஓடி அணைக்கும் வண்டியில் அது அடைத்துக்கொண்டேயிருக்கும். மாதம் ஒரு முறையாவது கோயம்புத்தூர் போய் வருபவர் மட்டும் டீசல் எடுக்கலாம்.

இவ்வளவும் சின்னக் கார் பக்கம் நின்று சொன்னேன். இப்போது பாதுகாப்பு. இதில் சொகுசுக் கார் பக்கத்து வாதம் வலுவானது, அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவது நேர்மையாகாது. இரண்டு வண்டிகள் மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. 2023-இல் குளோபல் என்கேப் வெளியிட்ட மோதல் சோதனையில் ஆல்டோ கே10-க்குப் பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், வேகன்ஆருக்கு ஒன்று, குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் ஒன்றுமே இல்லை. நான் ஓட்டும் வண்டி இன்னும் பழைய தலைமுறை, அதில் ஏர்பேக் இல்லை. மகள் பிறந்த பிறகு இதை நினைக்காமல் சாவியைத் திருப்பியதில்லை. வண்டி விலை குறைவு என்று மகிழும்போது எதைக் குறைத்து அந்த விலைக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பது அப்பா அம்மாவின் பொறுப்பு.

ஆனால் ஐந்து நட்சத்திரத்துக்கு 70 லட்சம் வேண்டியதில்லை என்பதும் அதே சோதனைகளில்தான் தெரிந்தது. 2018-இல் டாடா நெக்ஸான், 2021-இல் டாடா பஞ்ச் ஐந்து நட்சத்திரம் வாங்கின. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே சோதனை நடக்கிறது, முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பலமாக பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் 2019 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஆல்டோவிலேயே 2025 முதல் ஆறு ஏர்பேக் வருகிறது. மலைக்கு நான் முக்கியமாகப் பார்ப்பது இஎஸ்பி. ஈரமான வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து வண்டியைப் பாதைக்குள் இழுக்கும் அமைப்பு அது, இப்போது பல சின்னக் கார்களில் இருக்கிறது. எங்கள் ரோட்டில் வேகம் நாற்பதைத் தாண்டுவது அபூர்வம், நேருக்கு நேர் மோதுவதைவிட ஓரத்தில் வழுக்கிப் பள்ளத்தில் போவதுதான் பயம். அதற்கு இஎஸ்பியும் நல்ல டயரும் செய்யும் காவலை மரப்பலகை பதித்த டேஷ்போர்டு செய்யாது.

டயர் என்றதும் ஸ்டெப்னி ஞாபகம் வருகிறது. சில சொகுசுக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஆனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும் டயர் என்று கொடுத்திருப்பார்கள். பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் அதுவும் ஓடாது, மண் சரிந்த ரோட்டில் கூர்மையான கல்லில் கிழிவது பக்கச்சுவர்தான். அந்த அளவு டயர் குன்னூரில் கிடைக்காது. என் வண்டியின் டயர் எந்த டயர் கடையிலும் தொங்கும்.

வசதியையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரில் இருந்து கூட்டி வந்தது மச்சானின் வண்டியில்தான். குஞ்சப்பனை வளைவுகளில் ஒரு முறைகூட அம்மா முகம் சுளிக்கவில்லை, அரவேணு வரும்போது தூங்கியிருந்தார். என் வேகன்ஆரில் கூட்டி வந்திருந்தால் ஒவ்வொரு பள்ளமும் அவர் முதுகில் இறங்கியிருக்கும். வாரம் இரண்டு முறை கீழே போய் வர வேண்டிய நோயாளி இருக்கும் வீட்டுக்கு, பணமும் இருந்தால், நல்ல சஸ்பென்ஷன் ஆடம்பரமில்லை. அப்போதும் நான் சொல்வது, எட்டு வருடப் பழையதை 16 லட்சத்துக்கு எடுப்பதைவிட அதே பணத்தில் வாரண்டியோடு ஒரு புதிய நடுத்தரக் கார் எடுங்கள் என்றுதான். சில நாட்களுக்கு மட்டும் தேவை என்றால் வாடகைக்குப் பெரிய வண்டி வைத்துக்கொள்ளலாம், அம்மாவின் அடுத்த மூன்று செக்கப்புக்கும் அப்படித்தான் போனோம்.

மரியாதை என்ற ஒன்றும் இதில் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் எந்த வண்டியில் வந்து இறங்குகிறோம் என்பதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது பொய்யில்லை. பச்சைத் தேயிலை விலை ஏறிய ஒரு வருடத்தில் எங்கள் பக்கம் சிறு விவசாயிகள் சிலர் பெரிய வண்டிகளை லோனில் எடுத்தார்கள். இலை விலை மாதா மாதம் மாறும், ஈஎம்ஐ ஏழு வருடத்துக்கு மாறாது. விலை இறங்கியபோது உரத்துக்கும் கூலிக்கும் வைத்திருந்த பணம் பேங்குக்குப் போனது, ஒருவர் அரை ஏக்கரை விற்றுத்தான் கடனை முடித்தார். அவரை யாரும் குறைவாகப் பேசுவதை நான் பொறுக்க மாட்டேன். வாழ்நாளெல்லாம் சரிவில் குனிந்து வேலை செய்தவருக்கு நல்ல வண்டியில் உட்கார ஆசை வருவதில் என்ன தப்பு? ஆனால் ஷோரூமில் உட்கார்ந்து ஏழு வருடக் கணக்கை அவருக்குக் காட்டியவர் இலை விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இது. 8 முதல் 10 லட்சத்துக்குள், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரமோ நான்கோ வாங்கிய, ஆறு ஏர்பேக்கும் இஎஸ்பியும் உள்ள பெட்ரோல் வண்டி எடு. முடிந்தால் டர்போ. அடிமட்ட மாடலை எடுத்துவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்காதே, சன்ரூஃபுக்காக மேல்மட்டத்துக்கும் போகாதே. எடுப்பதற்கு முன் குன்னூர் வந்து பாயிடம் அந்த மாடல் பெயரைச் சொல்லி, கிளட்சும் பிரேக் பேடும் ஊரில் கிடைக்குமா என்று கேள். மீதியில் ஒரு பங்கை டயருக்கும் பிரேக்குக்கும் என்று தனியாக எடுத்து வை, டயர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டினால் முழுதாகத் தேயும்வரை காத்திருக்காமல் மாற்று. கரன்ட் கார் எடுக்கலாமா என்றும் கேட்டான். இறக்கத்தில் நான் மேலே சொன்ன அந்த யூனிட்டுகளில் ஒரு பங்கை பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிற வண்டி அது, மலைக்காரனாக எனக்கு அதில் ஆர்வம் அதிகம், வீட்டில் சார்ஜ் போட இடம் இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று, மேலே பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் திருப்பி அனுப்ப இடமிருக்காது, அப்போது மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பலம் குறைந்துவிடும், அதனால் இறங்குவதற்கு முதல் நாள் ராத்திரி முழுதாக நிரப்பாமல் விட வேண்டும்.

மச்சான் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. இப்போது ஒரு சின்ன வண்டியில்தான் அக்காவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறார். அந்தப் பெரிய வண்டியின் சீட் ஞாபகம் வருகிறது என்று இன்றும் சொல்வார், எனக்கும் வரும். தம்பி அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான், பாயிடம் அழைத்துப் போகிறேன். என் வண்டிக்கும் பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு முன்னால் அதையும் அன்றைக்கே முடித்துவிடலாம்.